மாடிப்படி இல்லாத பிளான்

என் வீட்டுக்காரர் நாகமுத்துவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருக்கிறது. இருக்கட்டும். அந்த மனுஷன் எப்பேர்ப்பட்ட கள்ளன் என்று எனக்கல்லவா தெரியும்! முழுசாக ஒரு மாடிப்படியைக் களவாடியவர் அவர். அதுவும் சோறு போட்ட முதலாளியின் வீட்டிலிருந்து.

எண்பத்து நாலாம் வருஷம், தைப் பொங்கல் கழிந்த வாரம் தொடங்கிய கதை இது. அப்போது நாங்கள் உக்குவளையில் ஸக்கரியா முதலாளியின் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தோம். முதலாளிக்கு மிளகு, சாதிக்காய், கொக்கோ வியாபாரம். அதற்கு முந்தின ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது, லொறியோடு வந்து எங்களை ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒன்பது நாள் அவருடைய மிளகு ஸ்டோரில் ஒளிந்திருந்தோம். ஜன்னல் கிடையாது. மிளகு மூட்டைகளுக்கு நடுவில் தும்மாமல் இருப்பது என்றால் என்னவென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் நான் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொள்வேன். அதற்கு மேல் இவர் தன் கையை வைத்து அழுத்துவார். மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகுதான் இவர் வாயில் கப்பல் என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. இவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு எனக்கும் அதே. எல்கடுவத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மா சுந்தரம்மாவுக்கோ இலங்கைப் பிரஜாவுரிமை. ரெண்டு நாட்டுக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து தாயையும் மகளையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள், நாசமாய்ப் போக! நான் போனால் அம்மா தனியாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு பிள்ளையும் இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். துறையூர்ப் பக்கத்தில் இவருடைய பாட்டன் பிறந்த கிராமம் இருக்கிறதாம். இவரே பார்த்ததில்லை. அங்கே எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

"நான் வரமாட்டேன்," என்றேன்.

"மறுபடி ஒரு ஜூலை வந்தா ஒன்ன எங்க கொண்டுபோய் வைப்பேன், புஷ்பம்?" என்பார். கேள்வி நியாயமானது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இந்த நேரத்தில்தான் முதலாளி கூப்பிட்டனுப்பினார். இவர் மாத்தளையில் ஒரு நில அளவையாளரிடம் பதினொரு வருஷம் பிளான் கீறியவர். முதலாளிக்கு ரோட்டோரமாக ஒரு கொக்கோத் தோட்டம் இருந்தது. அதில் மூன்று மாடியில் ஒரு வீடு கட்ட ஆசை.

"ஊர்ல ஒருத்தரும் கட்டாத மாதிரி இருக்கணும் தம்பி. மேல, நடுவுல, கீழன்னு மூணு தட்டு. உள்ளுக்கு எந்த ரூம் எங்கன்னு நம்ம ஹமீமாகிட்டக் கேட்டுக்கிடுங்க. குடியிருக்கப்போறது அவதான். நான் பாதி நாள் லொறியில," என்றார்.

வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் சொன்னது இதுதான். "உயிரைக் காப்பாத்துன மனுஷன். இந்தப் பிளானை நல்லபடியா முடிச்சுக் குடுக்கணும். முடிச்சுக் குடுத்த மறு வாரமே கப்பல்."

தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த போர்டை மடியில் வைத்து ராப்பகலாகக் கீறினார். பத்தே நாளில் முடித்துவிட்டார். அப்படியானால் மறு வாரமே கப்பல்.

முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிளானை விரித்தோம். நாலு மூலைக்கும் பாரமாக அவர் சம்சாரம் ஹமீமாம்மா நாலு சாதிக்காய் டப்பாக்களை வைத்தார். முதலாளிக்குப் பிளான் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு," என்றார். தலைகீழாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டில் ஆறு அறை, வரிசையாக. முன்னால் நீள வராந்தா. அடுத்த தட்டிலும் ஆறு அறை, முன்னால் வராந்தா. மூன்றாவதும் அப்படியே.

"ஏங்க, இந்த ரூம் எத்தினி அடி?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"இது?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"ஹாலு?"

அவர் காது சிவந்துவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை.

"அட கடவுளே! இது நம்ம தோட்டத்து லயமில்லையா! மூணு லயத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்சிருக்கீங்களே! முதலாளி கேட்டது மாளிகைங்க, இதுல கணக்கப்பிள்ளை பேரேடு எடுத்துட்டு வந்து வராந்தாவுல நின்னா சரியாத்தான் இருக்கும்!"

ஹமீமாம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி பிளானைத் திருப்பிப் பார்த்து அவரும் சிரித்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னு செய்யல முதலாளி. ரூம்னு நினைச்சாலே கை அந்த அளவுக்குத்தான் போகுது," என்றார்.

பிறந்ததிலிருந்து பத்தொன்பது வயசு வரைக்கும் லயத்தில் எட்டுப் பேரோடு அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் படுத்து எழும்பிய மனுஷன். அப்பா, அம்மா, அடுப்பு, ஆட்டுக்குட்டி எல்லாம் அதே அளவுக்குள். இப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதே நொடியில், மறைப்பானேன், இன்னொரு எண்ணமும் வந்தது: புதுப் பிளான் கீற இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

அன்று குசினியில் ஹமீமாம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்போர்ட், கப்பல், எல்கடுவயில் அம்மா, எல்லாம். வெங்காயத்தின் மேல் பழி போட்டு அழுதேன்.

ஹமீமாம்மா கறிச் சட்டியில் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிளான் முடிஞ்சாத்தானே புள்ள கப்பல்?"

"ஆமாங்கம்மா."

"அப்ப முடிய விட வேணாம்," என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் பிளான் வீட்டுக்குள் புகுந்து வேலை செய்ய ஆரம்பித்தோம். குசினியை முதலில் கிழக்கே வைக்கச் சொன்னோம். வைத்தார். புகை ஹாலுக்கு வரும் என்று தெற்கே மாற்றச் சொன்னோம். மாற்றினார். நோன்பு மாசத்தில் கஞ்சிப் பானை வைக்கப் பின்னால் தனியாக ஒரு அடுப்படி வேண்டும் என்றோம். ஆம்பிளைகள் ஹாலில் இருக்கும்போது பெண்கள் அவர்கள் கண்ணில் படாமல் நடுத் தட்டுக்குப் போக வழி வேண்டும் என்றோம். அந்த ஒரு வழிக்கே ஒரு வாரம் போனது. சும்மா சொல்லக் கூடாது, நாங்கள் கேட்டதில் முக்கால்வாசி உண்மையிலேயே தேவையானதுதான். வீடு கீறுகிற ஆம்பிளைகள் யாராவது ஒரு நாள் அடுப்பூதிப் பார்த்தால் நாடு உருப்படும்.

இவரும் தன் பங்குக்கு உதவினார். ரெண்டாவது பிளானில் வடகிழக்கு மூலையில் சின்னதாக ஒரு அறை இருந்தது.

"இது என்ன ரூம் தம்பி?" என்று கேட்டார் ஹமீமாம்மா.

இவர் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. "சாமி ரூமுங்க. ஈசானிய மூலையில... பழக்க தோஷம்."

முதலாளி இருமல் வரும்வரை சிரித்தார். "பரவாயில்ல, தொழுற ரூமா வச்சுக்கிடுவோம். ஒங்க சாமி மூலையில எங்க தொழுகை. அல்லாஹ் கோவிச்சுக்கிட மாட்டான்," என்றார். ஆனால் கக்கூஸ் விஷயத்தில் அவர் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. உட்கார்ந்தால் முகம் கிப்லாப் பக்கம், அவர்கள் தொழுகிற திசைக்கு நேராக இருந்தது. இவர் மூன்று தட்டிலும் கக்கூஸைத் திருப்பினார். குழாயெல்லாம் மாறியது. இன்னும் ரெண்டு வாரம். நான் மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினேன்.

நிலமும் எங்கள் பக்கம்தான் நின்றது. ரோட்டிலிருந்து அது கீழே சரிந்து இறங்கும். ஆகவே வாசல் மேல் தட்டில். மற்ற ரெண்டு தட்டும் அதற்குக் கீழே பள்ளத்துக்குள். இது முதலாளிக்கு ஒரு நாள் திடீரென்று உறைத்தது.

"அப்ப ரோட்டுல போறவனுக்கு ஒரு தட்டுத்தான் தெரியுமா? மூணு தட்டுக்குக் கல்லு சுமந்துட்டு ஒரு தட்டைக் காட்டுறதா?"

பாவம், குழந்தைப் பிள்ளை மாதிரி முகம் வாடிவிட்டது. இவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"முதலாளி, நிலத்துக்குக் கீழ்ப்பக்கமா என்ன போகுது? கோச்சித் தண்டவாளம். பள்ளத்துப் பக்கத்தையே முகப்பாத் திருப்பிருவோம். மூணு தட்டுக்கும் அந்தப் பக்கம் வராந்தா வைப்போம். கண்டிக் கோச்சியில வர்ற சனம் மூணு தட்டையும் அண்ணாந்து பாக்கும்."

"கோச்சி முழுக்கவா?"

"வலது பக்கம் உக்காந்தவங்க பாப்பாங்க."

"அப்ப இடது பக்கம் உக்காந்தவங்க?"

"திரும்பிப் போறப்பப் பாப்பாங்க முதலாளி."

முதலாளி இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. என் புருஷன் கெட்டிக்காரர் என்பதும், கெட்டிக்காரத்தனத்தால் பிளான் சீக்கிரம் முடிந்துவிடுமே என்பதும் ஒன்றாக வந்து, சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

சித்திரையில் மூன்றாவது பிளான். எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஹமீமாம்மா விரலால் ஒவ்வொரு அறையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சொல்லக் குறை இல்லாமல் தவித்தார். கடைசியில், "கீழ்த் தட்டுல ஓரமா ஒரு ரூம் போடுங்க தம்பி. ரோட்டுக்குத் தெரியக் கூடாது. ஜன்னல் வேணாம். கதவுக்கு உள்பக்கமா ரெண்டு தாழ்ப்பாள்," என்றார்.

"எத்தினி அடிங்கம்மா?"

"பத்துக்குப் பன்னெண்டே போதும். ஒங்களுக்குப் பழகின அளவுதானே."

"எதுக்குங்கம்மா?" என்று நான் கேட்டேன்.

"சாமான் போட," என்றார், என்னைப் பார்க்காமல். நம்முடைய கூட்டாளி சமயத்துக்குத் தகுந்த மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இவர் மட்டும் பென்சிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் கீறாமல் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் இவர் கீறினார், அழித்தார், கீறினார். தினமும் காலையில் நான் ரப்பர்த் தூளைக் கூட்டி அள்ளினேன். ஒரு சின்ன அறைக்கு இவ்வளவு அழிப்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வைகாசியில் நாலாவது பிளானை மேசையில் விரித்தோம். நாலு சாதிக்காய் டப்பா. முதலாளி இப்போது பிளான் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். விரலால் வாசலுக்குள் நுழைந்தார், ஹாலைக் கடந்தார், நடுத் தட்டுக்கு இறங்கினார், அங்கே நின்றுவிட்டார்.

"தம்பி, இங்கருந்து கீழ்த் தட்டுக்கு எப்படிப் போற?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். படியே இல்லை!

"கிணத்துல வாளி இறக்குற மாதிரி என்னக் கயித்துல கட்டி இறக்கப்போறீங்களா?" என்று ஹமீமாம்மா சிரித்தார்.

"மறந்துட்டேன் போல," என்றார் இவர்.

பதினொரு வருஷம் பிளான் கீறியவர் மாடிப்படியை மறப்பாரா? சமையல்காரன் அடுப்பை மறந்த கதையாக அல்லவா இருக்கிறது? நான் அந்தத் தடித்த காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். படி இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் அழுத்திய தடம் லேசாகத் தெரிந்தது. ஒரு கோடு, ரெண்டு கோடு... ஒழுங்காக, அளவு பிசகாமல், பதினேழு படி. கீறி முடித்து, பிறகு ஒவ்வொன்றாக அழித்திருந்தார்.

ஒன்றும் பேசாமல் காகிதத்தை மேசையில் வைத்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் கோச்சிப் பாதை வழியாகத் திரும்பி நடந்தோம். அவர் முன்னால், தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளில் கால் வைத்து.

"ஏங்க, அந்தப் படியை யாரு அழிச்சா?"

"எந்தப் படி?"

"பதினேழு படி. எண்ணிட்டேன்."

அவர் நின்றுவிட்டார். திரும்பவில்லை. "நீ மட்டும் நாலு மாசமா ஹமீமாம்மா குசினியில என்னா செஞ்சே? எனக்குத் தெரியாதா?"

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திருவியே," என்றார்.

நான் அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கையில் கிடைத்த சல்லிக் கல்லை எடுத்து அவர் காலடியில் எறிந்தேன். "அப்ப எதுக்குக் கப்பல் கப்பல்னு என் உசிர வாங்குனீங்க?"

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு ஸ்டோருல என் கையால ஒன் மூக்கைப் பொத்துனேன் புஷ்பம். அது என்னால மறக்க முடியல. ஊருக்கெல்லாம் கதவும் ஜன்னலும் கீறுறவன், ஒனக்கு ஒரு கதவு கீற முடியல. போயிர்றதுதான் சரின்னு பட்டிச்சி. புத்தி போகச் சொல்லிச்சி, கை முடிக்க மாட்டேன்னுச்சி."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"முதல்ல அந்த ரூமு இல்லியே."

"எந்த ரூமு?"

"ஹமீமாம்மா கேட்டாங்களே, உள்பக்கம் தாழ்ப்பாள் வச்சு. சாமானுக்கு எவனாவது உள்ளுக்குள்ள தாழ்ப்பாள் போடுவானா? அது நமக்குப் புள்ள. நம்ம ரெண்டு பேருக்கு. அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் படியை அழிக்க ஆரம்பிச்சேன்."

நான் என்ன மடச்சி! மிளகு ஸ்டோரில் இருந்து வந்தவளுக்கு அது புரியவில்லையே. அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்த அளவுக்குக் கல்யாணத்தன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு கோச்சி வரும் சத்தம் கேட்டு ரெண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

மறுநாள் விடிந்ததும் நேராக ஹமீமாம்மா குசினிக்குப் போனேன்.

"அந்த ரூமு எங்களுக்கா?"

அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தினார். "இன்னொரு தடவை அப்படி ஒண்ணு வரக் கூடாது புள்ள. வந்தா எங்க போவீங்க? போன தடவை மூட்டைக்கு நடுவுல போட்டோம். அது எனக்கு வெக்கமா இருக்கு."

"ஜன்னல் வைங்கம்மா."

"ஒளியிற ரூமுக்கு எதுக்கு புள்ள ஜன்னல்?"

"ஒளிய வரமாட்டேன்!" என்று கத்திவிட்டேன். "ஒம்பது நாள் தும்மலை முழுங்குனது போதும். ரூமு குடுத்தா விருந்தாளி மாதிரி வர்றேன். ஜன்னலைத் திறந்துவச்சு நல்லா சத்தமாத் தும்முவேன். இல்லாட்டி எனக்கு அந்த ரூமே வேணாம், நான் கப்பலேறுறேன்."

எவ்வளவு திமிர் பாருங்கள். உயிர் கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா அது? ஹமீமாம்மா என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஜன்னல் வைப்போம். தாழ்ப்பாளும் இருக்கட்டும். ரெண்டும் இருக்கட்டும்," என்றார்.

அன்று பகல் மேசையில் இவர் முதலில் பதினேழு படிகளையும் கீறினார். அதன் பிறகு கீழ்த் தட்டு அறையில், கோச்சிப் பாதையைப் பார்த்த சுவரில், நாலடிக்கு நாலடி ஒரு ஜன்னல். பென்சிலால் தொடவேயில்லை. நேராக மையால் கீறினார்.

"கோச்சியில இருந்து தெரியுமே தம்பி!" என்றார் முதலாளி.

"தெரியட்டும் முதலாளி."

முதலாளி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "கட்டுற பாசுமாருக்குப் பிளான் வாசிக்கத் தெரியாது. கட்டி முடிய ரெண்டு வருஷமாகும். நீங்கதான் பக்கத்துல நிக்கணும்," என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் முடிவதற்குள் சண்டை முற்றி, இந்தியாவுக்குப் போகும் கப்பலே நின்றுபோனது. எங்கள் பிரஜாவுரிமைப் பேப்பரைச் சரியாக்க அதற்குப் பிறகு இருபது வருஷம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். அதை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் இருந்தோம்.

எண்பத்தாறில் வீடு முடிந்தது. மௌலூது ஓதிப் பாற்சோறு கொடுத்து அவர்கள் குடிபுகுந்த அன்று, எல்கடுவயிலிருந்து பஸ்ஸில் என் அம்மாவும் வந்தாள். பச்சை நிறத்தில் கரை வைத்த புதுச் சீலை. அம்மா புதுச் சீலை கட்டி நான் பார்த்ததே இல்லை. ஏதென்று கூட்டத்தில் கேட்கவில்லை.

கையைப் பிடித்துப் பதினேழு படியும் இறக்கிக் கீழ் அறைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே கால் வைத்ததுமே அம்மா சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு டேப் வேண்டாம், கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

"நம்ம லயத்துக் காம்பரா அளவுதான்டீ," என்றாள். பிறகு ஜன்னலிடம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம்மாம் பெரிய ஜன்னலு!"

அந்த நேரம் கீழே கண்டிக்குப் போகும் கோச்சி வந்தது. அம்மா கடைசிப் பெட்டி மறையும் வரைக்கும் பார்த்தாள்.

"இதுல ஏறித்தானே நீ கப்பலுக்குப் போறதா இருந்துச்சி?"

"ஆமாம்மா."

"ஒன்ன ஏத்திவிடுற அன்னிக்கு ஒனக்குக் கட்டிவிடணும்னு வாங்கி வச்ச சீலை புள்ள இது. ரெண்டு வருஷம் பொட்டிக்குள்ளயே கிடந்துச்சி," என்றாள் அம்மா. "நீ போறாப்புல தெரியல. நானே கட்டிக்கிட்டேன்."